குழந்தைகளோடு கூடாரத்தில் தங்க: பழனி மலையில் இடம் பார்ப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். திருச்சியிலிருந்து ஒரு குடும்பம். ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே எழுபதை நெருங்கும் பாட்டி. ஏரியும் காடும் பக்கத்தில் இருக்கிற இடமாகப் பார்த்து இரண்டு ராத்திரி டென்ட்டில் தங்க வேண்டும். கொடைக்கானலா, ஊட்டியா? இடத்தை எப்படித் தேர்வது?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பழனி மலைத்தொடரில் இருக்கிற கொடைக்கானலுக்குப் போங்கள். அதிலும் டவுனை விட்டு மேற்கே தள்ளி, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் வட்டாரத்தில் பாருங்கள். ஊரை ஒட்டிய பட்டா நிலமாக இருக்க வேண்டும். அதே வளாகத்தில் கட்டடமாக ஓர் அறையும் கழிப்பறையும் இருக்க வேண்டும். டென்ட் போடும் இடம் ஏரியிலிருந்து அரை கிலோமீட்டராவது விலகி, மேட்டில் இருக்க வேண்டும். விளம்பரங்களில் வரும் ‘தண்ணீரைத் தொட்டுக்கொண்டு டென்ட்’ படங்களை மறந்துவிடுங்கள். ஏரியைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பிள்ளைகள் படுத்துத் தூங்குகிற இடம் அதன் கரையாக இருக்கக் கூடாது. இந்தப் பதிலில் பாதிக்கு மேல் அதற்கான காரணங்கள்தான்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பணத்தையும் விடுமுறையையும் அதிகம் வீணாக்குவது இதுதான். பழனி மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. அதில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் 2013-ல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தனியார் யாரும் டென்ட் அடிக்க முடியாது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறையின் அனுமதி வாங்கிப் பகலில் மட்டும் போய்வரலாம். யானை நடமாட்டம் இருந்தால் அன்றைக்கு அதுவும் கிடையாது. 2018 மார்ச் 11-ல் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன. ஆகவே “காட்டுக்குள்ளேயே டென்ட் போட்டுத் தருகிறோம், ஜீப்பில் கூட்டிப் போகிறோம்” என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சோதனை வந்தால் ராத்திரி பதினோரு மணிக்குக் குளிரில் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியவர் நீங்கள்தான்.

பட்டா நிலத்தில் நடக்கும் டென்ட் முகாம்களும் எல்லாம் ஒழுங்கானவை என்று சொல்ல முடியாது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு தனியார் முகாமின் டென்ட்டில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்தார். அதற்குப் பிறகு கொடைக்கானலிலும் நீலகிரியிலும் டென்ட்களுக்குக் கெடுபிடி கூடியது. அனுமதி இல்லாதவற்றை அதிகாரிகள் அவ்வப்போது அப்புறப்படுத்துகிறார்கள். தமிழ்நாடு சுற்றுலாத் துறை தங்கும் வீடுகளுக்கும் முகாம் நடத்துபவர்களுக்கும் பதிவு முறை வைத்திருக்கிறது. முன்பணம் அனுப்புவதற்கு முன் அந்தப் பதிவுச் சான்றின் படத்தை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. “வாங்க சார், இங்கே யாரும் கேட்க மாட்டாங்க” என்று பதில் வந்தால், அவரிடம் சான்று இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். போகும் வாரத்தில் டென்ட்டுக்குத் தடை ஏதும் நடப்பில் இருக்கிறதா என்பதைக் கொடைக்கானல் கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஊட்டியை ஏன் இரண்டாவதாக வைக்கிறேன்? நீலகிரியில் ஏரிகளுக்குக் குறைவே இல்லை: எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி, பைக்காரா, காமராஜ் சாகர். ஆனால் இவை எல்லாம் அணைகள். பெரும்பாலும் மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்டவை. கரைகள் வனத்துறை வசமோ மின்வாரியத்தின் வசமோ இருக்கின்றன. மின் உற்பத்திக்குத் தகுந்தபடி நீர்மட்டம் ஏறும், இறங்கும். நேற்று மண்ணாக இருந்த இடம் இன்றைக்குச் சேறாக இருக்கும். மழையும் அங்கே வேறு ரகம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மசினகுடிப் பக்கம் குளிர் குறைவு என்பதால் பலர் அங்கே டென்ட் தேடுகிறார்கள். அது யானைகளின் வழித்தடம். அந்த வழித்தடத்தை உறுதிசெய்து உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பே அளித்திருக்கிறது. அங்கே குழந்தைகளை டென்ட்டில் படுக்க வைக்கவே கூடாது. நீலகிரிதான் வேண்டும் என்றால் எமரால்டு, இத்தலார் பக்கம் தோட்டங்களுக்கு நடுவில் அறையாக எடுத்துத் தங்கி, ஏரியைப் பகலில் பாருங்கள்.

இனி இடத்துக்கு வருவோம்.

மலையில் ராத்திரிக் குளிர்காற்று கனமாகிச் சரிவில் மெதுவாக இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஏரி இருப்பது பள்ளத்தில்தான். அதனால் மேட்டில் எட்டு டிகிரி இருக்கும்போது கீழே ஏரிக்கரைப் புல்வெளியில் நான்கு, ஐந்து டிகிரிதான் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுவதும் அந்தப் பள்ளங்களில்தான். ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் புல்வெளிகள் வெள்ளையாகிப் படமெடுக்கக் கூட்டம் கூடுவது இதனால்தான். கூடவே தண்ணீரிலிருந்து எழும் ஈரம் டென்ட்டின் மேல்துணியில் படிந்து, விடியும்போது உள்ளே சொட்டும். ஏரியிலிருந்து இருபது, முப்பது மீட்டர் உயரத்தில், கிழக்கு பார்த்த சரிவில் ஒரு சமதளம் கிடைத்தால் அதுதான் நல்ல இடம். காலை ஏழு மணிக்கே வெயில் விழும். டென்ட் எட்டரைக்குள் காய்ந்துவிடும். பிள்ளைகளும் நடுங்காமல் எழுந்திருப்பார்கள். மேற்குச் சரிவாக இருந்தால் பத்து மணி வரை எல்லாம் சொதசொதவென்று இருக்கும். முன்பதிவு செய்யும் முன் கூகுள் மேப்பில் இடத்தின் புள்ளியைக் கேட்டு வாங்குங்கள். சாட்டிலைட் படத்தில் ஏரி எவ்வளவு தூரம், சரிவு எந்தப் பக்கம், காடு எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் வீட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

ஏரிக்கரையை விலக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் விலங்குகள். காட்டுமாடு, காட்டுப்பன்றி, கடமான் எல்லாம் சாயங்காலம் தண்ணீருக்கு இறங்கும். சில இடங்களில் யானையும் வரும். நீங்கள் கரையில் டென்ட் அடித்தால் அவற்றின் பாதையில் படுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். போய்ச் சேர்ந்ததும் வெளிச்சம் இருக்கும்போதே அந்த இடத்தைச் சுற்றி ஒரு முறை குனிந்து பார்த்து நடங்கள். ஈரமண்ணில் மாட்டுக் குளம்புபோல, ஆனால் அதைவிடப் பெரிதாகப் பிளந்த தடம் இருந்தால் காட்டுமாடு. சாணம் அப்பளமாகக் காய்ந்து நரைத்திருந்தால் பழையது. பளபளவென்று ஈரமாக, ஈ மொய்த்துக்கொண்டிருந்தால் இன்றைக்குப் போட்டது. நாரும் மரப்பட்டையுமாக உருண்டை உருண்டையாகக் கிடந்தால் யானை லத்தி. அது புதிதாக இருந்தால் டென்ட் பேச்சையே விட்டுவிட்டு அறைக்குள் படுங்கள். வேலிக்கம்பியிலும் புதர்க்கிளையிலும் காய்ந்த சருகு, வைக்கோல் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்றும் பாருங்கள். முந்தைய மழையில் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. புல்வெளியில் ஒற்றையடித்தடம் ஒன்று புதரிலிருந்து நேராகத் தண்ணீருக்குப் போனால் அதை மறித்து டென்ட் போடாதீர்கள்.

பேத்துப்பாறை, அஞ்சுவீடு பக்கம் யானை நடமாட்டம் வழக்கமானது. வாடகை மலிவு, அருவி பக்கம் என்றெல்லாம் சொல்வார்கள். குழந்தைகளோடு டென்ட்டுக்கு அந்தப் பக்கம் வேண்டாம். மன்னவனூர் வட்டாரத்தை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம், அங்கே ஊரும் வயலும் ஏரியும் புல்வெளியும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆளரவம் உள்ள இடத்தில் தங்கிக்கொண்டே காட்டின் அருகில் இருக்கலாம். மன்னவனூர் ஏரியில் வனத்துறையின் சூழல் சுற்றுலாப் பகுதி இருக்கிறது, பரிசல் உண்டு. செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தின் பரந்த புல்வெளி பக்கத்தில். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பகல் முழுதும் போதும். கூக்கால் ஏரி ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கூட்டம் குறைவு. பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயிலும் மலைப்பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களும் பாட்டிக்குப் பிடிக்கும். காட்டுமாடு இங்கும் உண்டு, கொடை டவுனுக்குள்ளேயே திரிகிற விலங்கு அது. அதைத் தவிர்க்க முடியாது. இருட்டில் அதன் முன்னால் போய் நிற்காமல் இருப்பதுதான் நம் வேலை.

மரத்தடி நிழல் அழகாக இருக்கும், ஆனால் அண்ணாந்து பாருங்கள். இந்த மலைகளில் நிழல் தருவது பெரும்பாலும் சீகை மரமும் யூக்காலியும்தான். சீகைக்கு வேர் ஆழம் போகாது. இரண்டு நாள் மழையில் மண் இளகி, காற்று அடித்தால் வேரோடு சாயும். யூக்காலி காற்றே இல்லாமலும் காய்ந்த கிளையைப் போடும். மரத்தின் உயரம் எவ்வளவோ அதைவிடச் சற்று அதிக தூரம் தள்ளி டென்ட் போட வேண்டும். பைன் மரத்தடியில் விழுந்து கிடக்கும் ஊசியிலைகள் மெத்தைபோல இருந்தாலும் வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். தனித்த ஒற்றை மரத்தின் கீழும் மேட்டின் உச்சியிலும் போடாதீர்கள், இடி விழும் இடங்கள் அவை. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் கோடைமழை இடியோடுதான் வரும்.

தரை முற்றிலும் தட்டையாக இருக்க வேண்டியதில்லை. கையளவு சரிவு இருந்தால் தண்ணீர் நிற்காது. தலை மேட்டுப்பக்கம். மேலே தோட்டச் சரிவு இருந்தால் மழைநீர் எந்த வழியாக இறங்கும் என்று பாருங்கள்; சிறு வாய்க்கால் தடம் டென்ட்டைக் குறிவைத்து வந்தால் இரண்டடி நகர்த்தினாலே போதும். மண்வெட்டிய சரிவின் அடியில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். பல முகாம்கள் மரப்பலகை மேடை போட்டு அதன்மேல் டென்ட் வைத்திருக்கிறார்கள். ஈரமும் அட்டையும் ஏறாது என்பதால் நான் அதை விரும்புவேன். ஆனால் மேடையின் விளிம்பில் தடுப்பு இருக்கிறதா என்று பிள்ளைகளுக்காகப் பார்க்க வேண்டும்.

பாட்டியைப் பற்றி. குனிந்து நுழைகிற டென்ட், தரைப்படுக்கை, ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு ஐம்பது மீட்டர் நடந்து கழிப்பறை: இது எழுபது வயது முழங்காலுக்கு நாம் கொடுக்கும் தண்டனை. அதனால்தான் ஓர் அறையும் உள்ள வளாகமாகப் பாருங்கள் என்கிறேன். பாட்டி கட்டிலில் படுக்கட்டும், பத்தடியில் டென்ட் இருக்கட்டும். மழை பிடித்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தாலும் எல்லோரும் அந்த அறைக்குள் போய்விடலாம். அந்த ஓர் அறைக்கு ஆகிற கூடுதல் வாடகைதான் இந்தப் பயணத்தில் நீங்கள் செய்யும் மிக நல்ல செலவு.

போனில் உரிமையாளரிடம் என்ன கேட்பது? கழிப்பறை டென்ட்டிலிருந்து எத்தனை அடி, வழியில் விளக்கு உண்டா, உட்காருகிற மாதிரி கோப்பையா. ராத்திரி வளாகத்துக்குள் ஆள் யாராவது தங்குகிறார்களா. வேலி இருக்கிறதா, அது சோலார் வேலி என்றால் எத்தனை மணிக்கு மின்சாரம் விடுகிறார்கள். சோலார் வேலி நொடிக்கு ஒருமுறை துடிப்பாக அடிக்கும்; ஆளைக் கொல்லாது, ஆனால் குழந்தை தொட்டால் அலறும். வேலி எங்கே போகிறது என்று போனவுடன் காட்டிவிடுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக்கம்பியில் விட்டிருப்பதாகத் தெரிந்தால் உடனே கிளம்புங்கள். அது சட்டவிரோதம், உயிரைக் கொல்லும். கடைசியாக இதைக் கேளுங்கள்: “மாடோ யானையோ வந்தால் என்ன செய்வீர்கள்?” எல்லோரையும் அறைக்குள் அனுப்பிவிட்டு வனத்துறைக்குச் சொல்வோம் என்பது சரியான பதில். பட்டாசு போடுவோம், தீப்பந்தம் காட்டுவோம் என்கிறவர் இடத்தில் தங்காதீர்கள். விலங்குக்கும் ஆகாது, மிரண்டு ஓடும் விலங்கு டென்ட் பக்கம்தான் திரும்பும்.

எப்போது போவது என்பதில் எல்லாம் பொருந்திவருகிற மாதம் கிடையாது. பழனி மலைக்கு அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்கு மழை கனமாக இருக்கும். அப்போது டென்ட் வேண்டாம், மலைப்பாதையில் மண் சரிவதும் அப்போதுதான். பொங்கல் விடுமுறை வறண்ட வானம், தெளிந்த காற்று, ஆனால் ராத்திரி கடுங்குளிர். பிப்ரவரி, மார்ச் டென்ட்டுக்கு மிக நல்லது. பள்ளிக்கூடம் விடாது என்பதும், தீக்காலம் என்பதால் வனத்துறை சில இடங்களை மூடலாம் என்பதும்தான் சிக்கல். மே மாதம் கூட்டம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீலகிரியின் மேற்குப் பக்கம் கொட்டும்போது பழனி மலையில் மழை குறைவு, காற்று அதிகம். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதால், பள்ளி திறக்கும் முன் மே கடைசி வாரத்தின் நடுநாட்களில், ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிட்டுப் போகலாம். பொங்கலுக்குத்தான் முடியும் என்றால் மன்னவனூர், பூம்பாறை இருக்கிற மேல்மலையை விட்டுவிட்டுத் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டங்களில் பாருங்கள். உயரம் குறைவு, நூறு மீட்டர் இறங்கினால் அரை டிகிரிக்கு மேல் குளிர் குறையும் என்பது பொதுக்கணக்கு. ஏரி அங்கே கைக்கெட்டாது, அதற்கு ஒரு பகல் ஒதுக்க வேண்டும்.

இ-பாஸ் மறக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போகிறவர்கள் இணையத்தில் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். தேதி முடிவானதும் முதல் வேலையாக அதைப் பதிவு செய்யுங்கள், பாஸ் கட்டணமில்லாதது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களும் இரண்டு மலைகளிலும் கூடாது. கொடைக்கானலில் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி வாங்குகிறார்கள். ஸ்டீல் பாட்டிலும் ஒரு பெரிய கேனும் எடுத்துப் போங்கள்.

திருச்சியில் காலை ஐந்துக்குக் கிளம்பினால் வத்தலக்குண்டு வழியாகப் பதினொன்றுக்குள் கொடை. மலைப்பாதைக்கு முன் பிள்ளைகளுக்கு இரண்டு இட்லி, அவ்வளவுதான். பாலும் பொரித்ததும் வேண்டாம். பெட்ரோல், பணம், மருந்து எல்லாம் கொடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மன்னவனூர் சுமார் 35 கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். மூன்று மணிக்குள் இடத்தில் இருக்க வேண்டும். ஐந்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் வளைவில் நிற்கும் காட்டுமாடு பத்தடிக்கு வந்த பிறகுதான் தெரியும். கருத்த உடம்பு, கருத்த ரோடு.

படுக்கை விஷயத்தில் பலர் மேலே போர்த்துவதற்கு மட்டும் கவலைப்படுகிறார்கள். உடம்புச் சூட்டை அதிகம் இழுப்பது தரை. ஒரு சென்டிமீட்டராவது கனமுள்ள நுரைப்பாய், அதன்மேல் ஒரு கம்பளி, பிறகு ஸ்லீப்பிங் பேக். காற்று ஊதும் மெத்தை வேண்டாம். உள்ளே உள்ள காற்றே குளிர்ந்து முதுகை நடுக்கும். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு வெப்பநிலை எழுதியிருப்பார்கள். குறைந்த எண் உயிர் தாங்கும் அளவு, கூடிய எண்தான் தூங்க முடிகிற அளவு. கூடிய எண் ஐந்து டிகிரியாக இருப்பதை வாங்குங்கள் அல்லது முகாமில் கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையைப் பெரியவர்கள் பையில் தனியாகப் போட்டால் காலடியில் வெற்றிடம் குளிராகவே இருக்கும்; பையின் அடிப்பகுதியை மடித்துக் கட்டிவிடுங்கள். வியர்த்த சட்டையோடு படுக்க விடாதீர்கள். படுக்கும்போது உள்ளாடை, சாக்ஸ் வரை காய்ந்ததாக மாற்ற வேண்டும். குளிருக்குப் பயந்து டென்ட்டின் மேல் ஜன்னலை மூடிவிடுவார்கள், அது கூடாது. நான்கு பேர் மூச்சு விடும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் கூரையில் படிந்து, விடியற்காலையில் மழையாக விழும்.

அடுப்பு பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கரி அடுப்பு, பார்பிக்யூ தட்டு, கேஸ் ஹீட்டர் எதுவும் டென்ட்டுக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ வரக் கூடாது. தணல் அணைந்ததுபோலத் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். கொடைக்கானலில் 2024 ஆகஸ்டில் அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் இப்படித்தான் இறந்தார்கள். குளிருகிறது என்றால் வெந்நீர் நிரப்பிய ஸ்டீல் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பிள்ளையின் காலடியில் வையுங்கள், அது போதும். கேம்ப் ஃபயர் வேண்டுமென்றால் உரிமையாளர் அனுமதிக்கும் இடத்தில், இரும்புத் தட்டில், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரோடு. பிப்ரவரி முதல் மே வரை அதுவும் வேண்டாம்.

அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாத்திரத்தில் வைத்த பருப்பு வேகாது, அரிசி நடுவில் கல்லாக நிற்கும், குக்கர் அவசியம். குடிதண்ணீரும் கொதி வந்தபின் முழுதாக மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே காய்கறித் தோட்டங்கள் இருக்கின்றன. பூச்சிமருந்து கொதிக்க வைத்தாலும் போகாது, அதனால் ஓடையில் மொள்ளவே வேண்டாம். வீட்டுக் குழாய்த் தண்ணீரையோ ஊற்றுத் தண்ணீரையோ கேளுங்கள். சின்ன பியூட்டேன் கேஸ் டப்பா அடுப்பு விடியற்காலைக் குளிரில் சரியாக எரியாது. காலைக் காபிக்கு முகாமின் சமையலறைதான் நம்பகமானது. சாப்பாட்டுப் பொருள் எதையும் டென்ட்டுக்குள் வைக்காதீர்கள், பிஸ்கட் பாக்கெட் உட்பட. பன்றி, குரங்கு, எலி எல்லாமே அதற்குத்தான் வரும். நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் கதவையே உடைக்கிறது, துணி எம்மாத்திரம்.

தண்ணீரில் இறங்குவது கூடவே கூடாது. மலை ஏரிகளின் கரை சேறு. காலடி எடுத்து வைத்தால் முழங்கால் வரை போகும், இழுத்தால் செருப்புதான் வரும். சில அடிகளில் சடாரென்று ஆழம், தண்ணீர் கடுங்குளிர். நீச்சல் தெரிந்தவர்களுக்கே மூச்சு பிடித்துக்கொள்ளும். அஞ்சுவீடு போன்ற அருவிகளின் தடாகங்களில் பல உயிர்கள் போயிருக்கின்றன. பரிசலில் ஏறினால் பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு உடை கேளுங்கள். பெரியவர்களுடையதைப் போட்டுவிட்டால் தண்ணீரில் அது மேலே கிளம்பிவிடும், குழந்தை கீழே நழுவிவிடும். தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, உடை காதுக்கு மேலே வந்தால் அது பெரிது.

இருட்டிய பிறகு பிள்ளைகள் தனியாகக் கழிப்பறைக்குப் போகக் கூடாது. டென்ட்டிலிருந்து வெளியே வரும் முன் டார்ச்சை நாலாபக்கமும் ஒரு சுற்று அடியுங்கள். கண்கள் மின்னினால் உள்ளேயே இருங்கள். காட்டுமாடு நின்றால் கத்தாமல், ஓடாமல், அதற்குப் போக வழி விட்டுப் பின்வாங்குங்கள். செல்போன் சிக்னல் இடத்துக்கு இடம் மாறும்; எந்த நெட்வொர்க் எடுக்கும் என்று முன்கூட்டியே கேட்டு, அந்த சிம் ஒன்று கையில் வைத்திருங்கள். ஆம்புலன்ஸ் 108 அங்கும் உண்டு, ஆனால் மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு மலைப்பாதையில் வர வேண்டும். பாட்டிக்கு இதயம், மூச்சு சம்பந்தமான தொந்தரவு இருந்தால் டவுனுக்கு அரைமணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் பெருமாள்மலை, வில்பட்டி பக்கம் தங்குவதே சரி.

அட்டை கடித்தால் பயமில்லை. உப்புத்தண்ணீர் தொட்டால் விழுந்துவிடும், சிறிது நேரம் ரத்தம் வரும், அவ்வளவே. கவனிக்க வேண்டியது கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணி. புதரும் நெடும்புல்லும் உள்ள இடத்தில் வெறும் புல்லில் உட்கார்ந்தாலோ, ஈரத்துணியைப் புதர்மேல் காயப்போட்டு எடுத்து உடுத்தினாலோ உடம்பில் ஏறும், உண்ணிக்காய்ச்சல் அதிலிருந்துதான். பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை, சாக்ஸுக்குள் செருகிய விளிம்பு, உட்கார ஒரு தார்ப்பாய். சாயங்காலம் வெந்நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்க வைத்து, கழற்றிய துணியைத் தனிப் பையில் கட்டிவிடுங்கள். காய்ச்சல் உடனே வராது. ஒரு வாரம் முதல் மூன்று வாரத்துக்குள் வரும். அதற்குள் யாருக்காவது விடாத காய்ச்சலும் தலைவலியும் வந்தால் அக்குள், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால் தேடிப் பாருங்கள். வலியில்லாத, சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டிலும் டாக்டரிடம் “கொடைக்கானல் மலையில் டென்ட்டில் தங்கினோம், உண்ணிக்காய்ச்சலாக இருக்குமா பாருங்கள்” என்று நீங்களே சொல்லுங்கள். திருச்சியில் காய்ச்சல் என்றதும் டெங்குவுக்குத்தான் முதலில் ரத்தம் எடுப்பார்கள். இதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையே கேட்கும். நாள் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும்.